ஒரே கையுறை, இரண்டு நோயாளிகள்: அலர்ஜென் எது என்று தவறாக எழுதப்பட்ட ஒரு நிகழ்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறு எஸ்டேட் டவுனில் கிளினிக் நடத்துகிறேன். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. இப்போது பெரும்பாலும் செம்பனை. பால் மரம் என்கிற ரப்பர் மரம் இன்னும் நிற்பது சிறுதோட்டக்காரர்களிடம்தான். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களில் பெண்கள் பலர் இன்று நாள் முழுக்கக் கையுறை போடும் வேலைகளில் இருக்கிறார்கள்: முதியோர் இல்லம், மருத்துவமனைத் துப்புரவு, சாப்பாட்டுக் கடை, பல் கிளினிக். கை அரிப்பு என்று வராத வாரமே இல்லை.

இதில் வரும் இரண்டு பெண்களும் ஒரே முதியோர் இல்லத்தில், ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்கள். ஒருவருக்கு வயது 47. அவரை மூத்தவர் என்று குறிப்பிடுகிறேன். மற்றவருக்கு வயது 31, இளையவர். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது எல்லாம் இவர்கள் வேலை. இல்லத்தில் வாங்கி வைத்திருந்தது பவுடர் போட்ட சாதாரண ரப்பர் கையுறை. இருவரும் இதை எழுதச் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

இருவருக்கும் கையில் தொந்தரவு ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கியது. ஒரே வாரத்தில் வேறொரு கிளினிக்குக்குப் போனார்கள். இருவருக்கும் ஒரே களிம்பு, ஒரே மாத்திரை, ஒரே அட்டை. அட்டையில் மலாயில் இருந்த வரி: ‘அலாஹான்: பெடாக் சாரோங் தாங்கான்’. அதாவது, கையுறைப் பவுடருக்கு ஒவ்வாமை.

இல்லத்தின் மேற்பார்வையாளர் அட்டையை மதித்து உடனே நடவடிக்கை எடுத்தார். பவுடர் இல்லாத ரப்பர் கையுறை வாங்கினார். பெட்டியில் ‘ஹைப்போ-அலர்ஜெனிக்’ என்று போட்டிருந்ததால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கினார். இளையவருக்கு வேலையிடத்தில் வரும் தும்மலும் கண் எரிச்சலும் இரண்டு மூன்று நாளில் அடங்கின. பவுடர்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்ட அதுவே போதுமானதாக இருந்தது. மூத்தவரின் கையில் ஒரு மாற்றமும் இல்லை. ‘வயசான தோல், அப்படித்தான் இருக்கும்’ என்று அது கைவிடப்பட்டது.

பல் கிளினிக்கில் நடந்தது

சில மாதம் கழித்து இளையவர் கடைவாய்ப் பல் பிடுங்க எங்கள் வரிசையில் இரண்டு கடை தள்ளியிருக்கும் பல் கிளினிக்குக்குப் போனார். படிவத்தில் ‘ஒவ்வாமை உண்டா’ என்ற இடத்தில் அட்டையில் இருந்ததை அப்படியே எழுதினார். பல் மருத்துவர் படித்தார், கேட்டார், பவுடர் இல்லாத கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கையில் கிடைத்த தகவலுக்கு அது சரியான செயல். அந்தக் கையுறையும் ரப்பர் பாலில் செய்ததுதான்.

வாய் கொப்பளிக்கக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கொடுத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து பரிசோதித்திருக்கிறார்கள். பிறகு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசி. ஊசி போட்டுச் சில நிமிடத்தில் உதடு வீங்கி, கழுத்தில் தடிப்பு ஏறி, குரல் மாறியது. பல் மருத்துவரும் உதவியாளரும் சக்கர நாற்காலியில் வைத்து எங்களிடம் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பார்த்தபோது மேலுதடு இரண்டு மடங்காக இருந்தது. கழுத்திலிருந்து மார்பு வரை வெள்ளைத் தடிப்புகள், சுற்றிலும் சிவப்பு. மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம். ரத்த அழுத்தம் 80/50. அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை என்பதில் சந்தேகமே இல்லை. தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போட்டோம். மூச்சு திணறியதால் முழுக்கப் படுக்க வைக்க முடியவில்லை. முதுகைச் சற்று உயர்த்தி, காலை நீட்டி வைத்தோம். ஆக்சிஜன் கொடுத்தோம். எங்கள் மிஸ்ஸி (தாதி) ஊசிக்குழாய் போடக் கையுறையை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். அந்த நிலையிலும் இளையவர் கையை இழுத்துக்கொண்டு, ‘க்ளவ்ஸ் வேணாம், க்ளவ்ஸ் வேணாம்’ என்றார்.

அது ரப்பர் கையுறை. மிஸ்ஸி அதைக் கழற்றி, கையைக் கழுவி, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் கட்டும் பட்டையும் ரப்பர் என்பதால் அதையும் ஒதுக்கிவிட்டு, சட்டைக் கையின் மேல் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினோம். ஐந்து நிமிடம் கழித்தும் அழுத்தம் சரியாக ஏறாததால் இரண்டாவது அட்ரினலின். அதற்குப் பிறகு விசில் குறைந்தது. ஆம்புலன்ஸில் ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பினோம். சில மணி நேரம் கழித்து மறுபடி வரும் வாய்ப்பு இருப்பதால் அங்கே ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். மறுபடி வரவில்லை.

காரணம் என்று எதை எழுதுவது

மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்தில் என்ன எழுதுவது என்பதுதான் இந்த நிகழ்வின் மையம். சந்தேகப்பட மூன்று பொருள் இருந்தன: குளோர்ஹெக்ஸிடின், லிக்னோகெய்ன், கையுறை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னது, ‘ஊசி ஒத்துக்கல.’ ஊசிக்குப் பிறகுதானே எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. குளோர்ஹெக்ஸிடின் அப்படியல்ல; பரவலாகப் புழங்கும் இந்தக் கிருமிநாசினி அனஃபிலாக்சிஸ் உண்டாக்குவது நன்றாகப் பதிவான விஷயம்.

இளையவர் தெளிந்த பிறகு சொன்ன ஒரு வாக்கியம் உதவியது: “கொப்பளிச்சப்போ ஒண்ணும் இல்ல டாக்டர். வெரல விட்டு உதட்ட இழுத்துப் பாத்தாங்கல்ல, அப்பவே அரிக்க ஆரம்பிச்சிருச்சு. ஊசி அதுக்கு அப்புறம்தான்.”

அப்புறம் பழைய கதையைக் கேட்டோம். சிறு வயதில் ஆஸ்துமா. இரண்டு பிரசவமும் அறுவை சிகிச்சை. கையுறை போட்ட ஐந்து பத்து நிமிடத்தில் கையில் தடிப்பு, கழற்றிக் கழுவினால் ஒரு மணி நேரத்தில் தடமே இல்லாமல் போய்விடும். மகனின் பிறந்தநாளுக்கு பலூன் ஊதியபோது உதடு வீங்கியது. அதைச் சாயத்தின் மேல் போட்டிருக்கிறார்கள். பிசாங் எமாஸ் என்ற சின்ன வாழைப்பழம் தின்றால் நாக்கும் மேலண்ணமும் அரிக்கும். ‘ஆனா பிசாங் கோரேங் சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது’ என்றார். அது எண்ணெயில் பொரித்த வாழைப்பழம்.

கடைசியாகச் சொன்னதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் மிகவும் உறுதியான தடயமாகத் தெரிந்தது. அதை விளக்க அலர்ஜென் என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் உள்ள குறுகலான பொருளைச் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வாமை ஊக்கி என்று தமிழில் எழுதுகிறோம். நம் ஊர்ப் பேச்சில் ஒத்துக்கொள்ளாத எதையும் அதில் சேர்த்துவிடுவோம்: சோப்பு, தூசி, பால், வெயில், ஊசி. மருத்துவத்தில் அலர்ஜென் என்பது, ஒருவரின் நோயெதிர்ப்பு அமைப்பு முன்பே சந்தித்து, அடையாளம் பதித்துவைத்து, அடுத்த சந்திப்பில் எதிர்வினை காட்டுகிற குறிப்பிட்ட மூலக்கூறு. பெரும்பாலும் அது ஒரு புரதம். கையுறை என்பது பொருள். அலர்ஜென் அதற்குள் இருக்கும் ஒன்று. ரப்பர் பாலில் இருக்கும் புரதங்களில் 15 இதுவரை அலர்ஜென் பட்டியலில் ஏறியிருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் இயங்கும் பெயரிடும் குழு இவற்றுக்குப் பெயர் வைக்கிறது: பேரினத்தின் முதல் மூன்று எழுத்து, சிற்றினத்தின் முதல் எழுத்து, ஒரு வரிசை எண். ரப்பர் மரம் ஹெவேயா பிரசிலியென்சிஸ் என்பதால் ஹெவ் பி 1, ஹெவ் பி 5, ஹெவ் பி 6 என்று போகிறது. 1877-இல் பக்கத்துக் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளும் இதே இனம்தான்.

ஹெவ் பி 6-இல் அடங்கிய ஹெவீன் என்ற புரதத்தின் அமைப்பு, வாழைப்பழத்திலும் அவகாடோவிலும் இருக்கும் கைட்டினேஸ் என்ற நொதியின் ஒரு பகுதியோடு நெருங்கி ஒத்துப்போகிறது. ஒன்றுக்காக உருவான எதிர்ப்புப் புரதம் மற்றதையும் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப்பேர் வரை ஏதாவது ஒரு பழத்துக்கும் எதிர்வினை காட்டுவது இதனால்தான். கைட்டினேஸ் சூட்டில் குலைந்துபோகும். பச்சையாகத் தின்றால் அரிக்கிற வாழைப்பழம் கொதிக்கிற எண்ணெயில் பொரித்தால் அரிக்காததன் காரணம் அதுதான்.

பவுடர்? அது சோள மாவு. அதற்கு ஒவ்வாமை மிக மிக அரிது. ரப்பர் பாலின் புரதம் அந்த மாவில் ஒட்டிக்கொள்கிறது. கையுறையைச் சுண்டிக் கழற்றும்போது காற்றில் பறந்து மூக்குக்கும் கண்ணுக்கும் போகிறது. செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி மாதிரிதான் மாவு, சரக்கு வேறு. பவுடரை நிறுத்தியதும் தும்மல் நின்றது காற்றில் பறப்பது நின்றதால். தொட்டால் வருவது அப்படியே இருந்தது. அமெரிக்காவில் பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளை 2017 ஜனவரியில் தடைசெய்ததற்கான காரணங்களில் ஒன்று இந்தப் பறக்கும் புரதம்.

‘ஹைப்போ-அலர்ஜெனிக்’ என்ற அடைமொழியும் இதே குழப்பத்தில் பங்கு வகித்தது. ரப்பர் கையுறைப் பெட்டியில் அந்தச் சொல் வழக்கமாகக் குறித்தது, தயாரிப்பில் சேர்க்கும் ரசாயனங்கள் குறைவு என்பதை. புரதம் குறைவு என்பதை அல்ல. ரப்பர் பாலில் செய்த மருத்துவப் பொருள்களில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று அமெரிக்கா 1997-இலேயே விதி கொண்டுவந்தது. மேற்பார்வையாளர் அதை நம்பி வாங்கியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்குகிறவருக்கு அந்தச் சொல் தரும் நம்பிக்கை அவ்வளவு பெரியது.

கடிதத்தில் இப்படி எழுதினேன்: இயற்கை ரப்பர் பால் புரதம், வலுவான சந்தேகம், தொட்ட சில நிமிடங்களில் எதிர்வினை; குளோர்ஹெக்ஸிடின், சந்தேகம் நீங்கவில்லை, சோதிக்கவும்; லிக்னோகெய்ன், வாய்ப்புக் குறைவு, சோதித்து விலக்கவும். மூன்றையும் ‘ஒவ்வாமை’ என்று ஒரே வரியில் எழுதுவது எளிது. எழுதியிருந்தால் இனிமேல் தையல் போட, பல் பிடுங்க, சின்ன அறுவைக்கு என்று எங்கே போனாலும் மரத்துப்போகும் ஊசி இல்லாமல் அவர் தவிக்க வேண்டியிருக்கும்.

மூத்தவரின் கை

மருத்துவமனையிலிருந்து வந்த பத்து நாளில் இளையவர் மூத்தவரைக் கையோடு கூட்டிவந்தார். “எனக்கு என்ன அட்டையோ அதேதான் அக்காவுக்கும் டாக்டர். இவங்களுக்கும் அந்த மாதிரி ஆயிடப் போகுது” என்று பயம்.

மூத்தவரின் கையை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தோம். புறங்கை முழுவதும் தடித்து, தோல் சொரசொரப்பாக, விரல் மடிப்புகளில் பிளவு. சிவப்பு மணிக்கட்டில், கையுறையின் விளிம்பு வந்து நிற்கும் இடத்தில், கோடு கிழித்ததுபோல் நின்றிருந்தது. உள்ளங்கையில் அவ்வளவு இல்லை. இளையவருக்கு வந்து மறைவதுபோன்ற திடீர்த் தடிப்பு எதுவும் இல்லை. தும்மல் கிடையாது, உதடு வீங்கியது கிடையாது, வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடுவார். எப்போது அரிக்கும் என்று கேட்டதற்கு, வேலை முடிந்து வீட்டுக்குப் போய் இரவு படுக்கும்போதும் மறுநாள் காலையிலும் என்றார். தீபாவளிக்கு ஒரு வாரம் லீவில் இருந்தபோது பாதி ஆறிவிட்டது. வேலைக்குப் போன இரண்டாம் நாள் மறுபடி தொடங்கியது.

இது வேறு நோய். நிமிடங்களில் வந்து ஒரு மணி நேரத்தில் மறைவது ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் புரதம் நடத்துவது. ஒரு நாள் கழித்து வந்து வாரக்கணக்கில் நிற்பது வெள்ளணுக்கள் நடத்துவது. இரண்டாவதில் காரணமாக இருப்பது பெரும்பாலும் புரதம் அல்ல, சின்ன ரசாயனம். ரப்பரைச் சீக்கிரம் பதமாக்க ஆலையில் தையுராம், கார்பமேட் வகை முடுக்கிகளைச் சேர்ப்பார்கள். மிச்சமிருப்பது வியர்வையில் கசிந்து தோலுக்குள் போய், தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டபின்தான் உடல் அதை அந்நியமாகப் பார்க்கிறது. இதையும் அலர்ஜென் என்றுதான் சொல்கிறோம், தொடு அலர்ஜென் என்று பிரித்து. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஈரம், சோப்பு, பிளீச், வியர்வை. இவை தோலை நேரடியாக அரிக்கும். நோயெதிர்ப்பு நினைவுக்கு இதில் வேலையில்லை, எனவே இவை அலர்ஜென் அல்ல, எரிச்சலூட்டிகள். மூத்தவரின் கையில் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்திருப்பதாகத் தோன்றியது.

பார்வைக்கு மோசமாக இருந்தது மூத்தவரின் கைதான். இல்லத்தில் எல்லோரும் அவருக்காகத்தான் கவலைப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்து இருந்தது கையில் ஒரு தடமும் காட்டாதவருக்கு.

எடுத்த முடிவுகள்

இல்லத்தில் ரப்பர் கையுறை ஒரு பெட்டிகூட இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். இளையவர் மட்டும் மாற்றினால் போதாது. மற்றவர்கள் ரப்பர் கையுறையோடு தொடும் கதவுப்பிடி, தட்டு, படுக்கை எல்லாம் அவர் தொடுவதுதான். மேற்பார்வையாளர் தயங்கியது செலவுக்காக அல்ல. வாங்கிவைத்த பெட்டிகளை என்ன செய்வது என்றுதான் கேட்டார். ஒரு வாரத்தில் எல்லாம் நைட்ரைல் ஆனது.

கிளினிக்கிலேயே கையுறையைப் போட்டுப் பார்த்துவிடலாமே என்று இளையவரின் கணவர் கேட்டார். ஒருமுறை ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு அந்தச் சோதனையை டவுன் கிளினிக்கில் செய்வதில்லை. ரத்தப் பரிசோதனையும் தோல் குத்துச் சோதனையும் மருத்துவமனையில், சம்பவம் நடந்து நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து என்று ஏற்பாடு. சோதனைக்கு முன் சில நாள் அரிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டும். அதைத் தமிழில் தேதியோடு எழுதிக் கொடுத்தோம்.

இளையவரின் அம்மா ஒரு கேள்வி கேட்டார். அவர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். “நான் முப்பது வருசம் பால் மரம் வெட்டினவ. பால் வடியுற மங்குல கைய விட்டு ஒட்டுப்பால் எடுத்திருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. இவளுக்கு எப்படி?” நியாயமான கேள்வி. பாலில் புரதம் இருந்தது உண்மை; அது எல்லோர் உடலிலும் எதிர்வினையைத் தூண்டுவதில்லை. அலர்ஜி என்ற சொல்லை வியன்னா குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906-இல் உருவாக்கியதே உடலின் மாறிய எதிர்வினையைக் குறிக்கத்தான். ஆஸ்துமா போன்ற உடல்வாகு, அறுவை சிகிச்சைகளில் ரப்பர் உள்ளே பட்டது, வேலையில் தினமும் பட்டது, பவுடரோடு மூச்சில் போனது எல்லாம் மகளுக்குச் சேர்ந்தன. அம்மாவுக்கு ஆகாததை வைத்து மகளுக்கு ஆகாது என்று சொல்ல முடியாது.

இளையவரின் அப்பா இன்னும் சிறு நிலத்தில் மரம் வெட்டிப் பால் எடுக்கிறார். பால் பட்ட சட்டையை அவர் தனியே துவைக்க வேண்டும், மகள் தொடக் கூடாது என்றோம். அதே சமயம், வீட்டில் பயந்துபோய் ரப்பர் செருப்பு, சைக்கிள் டயர் எல்லாவற்றையும் வெளியே போடத் தொடங்கியிருந்தார்கள். அது வேண்டாம் என்றோம். பாலில் முக்கி எடுத்துச் செய்கிற பொருள்களில்தான் கசியக்கூடிய புரதம் அதிகம்: கையுறை, பலூன், ஆணுறை, சிறுநீர்க்குழாய். காய்ந்த ரப்பரை அழுத்தி வார்க்கும் டயரிலும் செருப்பு அடியிலும் மிகக் குறைவு. சுவருக்கு அடிக்கும் ‘லேடெக்ஸ்’ சாயத்தில் ரப்பர் பாலே கிடையாது, அது செயற்கை.

மூத்தவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். அதுவரை ஸ்டீராய்டு களிம்பு, கை கழுவியதும் தடவ வெண்ணெய்ப்பத மருந்து, கையுறைக்குள் பருத்தி உறை. பாத்திரம் கழுவும் வேலையை வேறொருவரிடம் மாற்ற மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டார். இருவருடையதும் வேலையால் வந்த நோய் என்பதால் 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி தொழிலிடப் பாதுகாப்புத் துறைக்கு அறிக்கை அனுப்பினோம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) படிவமும் நிரப்பினோம்.

பரிசோதனை முடிவுகள்

இளையவருக்கு ரப்பர் பால் ஐ.ஜி.ஈ. தெளிவாக அதிகம். வாழைப்பழத்துக்கும் உண்டு. குளோர்ஹெக்ஸிடினுக்கு இல்லை. லிக்னோகெய்னைத் தோலில் சோதித்து, பிறகு சிறிது சிறிதாகக் கொடுத்தும் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பெயரும் பதிவிலிருந்து நீக்கப்பட்டன.

மூத்தவரின் சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் இல்லம் நைட்ரைலுக்கு மாறியும் அவர் கை ஆறவில்லை. ‘நைட்ரைல்தான் எல்லாருக்கும் சேஃப்னு சொன்னாங்களே’ என்று மேற்பார்வையாளர் போன் செய்தார். நைட்ரைலில் ரப்பர் பால் புரதம் இல்லை என்பது சரி. ஆனால் அதிலும் பெரும்பாலும் முடுக்கிகள் உண்டு. ஒட்டுச் சோதனையில் முதுகில் ஒட்டுகளை 48 மணி நேரம் வைத்திருந்து எடுத்து, அப்போதும் 96 மணி நேரத்திலும் பார்த்தார்கள். அத்தனை நாளும் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. நம் ஊர்ச் சூட்டில் அது பெரிய பாடு. அவர் மருத்துவ விடுப்பில் மின்விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். கார்பமேட் கலவைக்கும் தையுராம் கலவைக்கும் சிவந்து கொப்புளித்திருந்தது. ரப்பர் பால் ஐ.ஜி.ஈ. அவருக்கு இல்லை.

முடுக்கி சேர்க்காத நைட்ரைல் கையுறை சந்தையில் இருக்கிறது, விலை கூட. ரத்தம், மலம், சிறுநீர் படும் வேலைக்கு மூத்தவருக்கு அது. சாப்பாடு பரிமாற, தட்டு எடுக்க வினைல். வினைல் சீக்கிரம் கிழியும் என்பதால் எல்லாவற்றுக்கும் அதையே கொடுக்க எனக்கு மனமில்லை. இளையவருக்கும் மற்றவர்களுக்கும் சாதாரண நைட்ரைல் போதும்.

அதற்குப் பிறகு

அடுத்த ஆண்டு இளையவருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. புதிய அட்டையில் ‘இயற்கை ரப்பர் பால் புரதம், பரிசோதனையில் உறுதி, அனஃபிலாக்சிஸ்’ என்று இருந்தது. மருத்துவமனை அவரைக் காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. இரவு முழுக்க யாரும் புழங்காத அறையில் காற்றில் மிதக்கும் புரதம் மிகக் குறைவாக இருக்கும். கையுறை, குழாய், பட்டை எல்லாம் ரப்பர் பால் இல்லாதவை. சிக்கல் ஏதும் இல்லாமல் வீடு திரும்பினார். தானாகக் குத்தும் அட்ரினலின் பேனா கைப்பையில் இருக்கிறது. கணவருக்கும் மேற்பார்வையாளருக்கும் தொடையில் எங்கே குத்துவது என்று செய்துகாட்டியிருக்கிறோம். பொரிக்காத வாழைப்பழத்தை விட்டுவிட்டார். பப்பாளி அவருக்கு ஒன்றும் செய்வதில்லை, சாப்பிடுகிறார். ரப்பர் பால் ஒவ்வாமையோடு சேர்த்துச் சொல்லும் பழங்களின் பட்டியலைப் பார்த்து அதையும் தடுக்க எந்தத் தேவையும் இல்லை.

மூத்தவரின் பிளவுகள் ஆறிவிட்டன. சிவப்பு முழுதாகப் போகவில்லை. தண்ணீரும் சோப்பும் இல்லாத நாள் அவர் வேலையில் இல்லை, வீட்டிலும் இல்லை. மழை நாளில் துணி அதிகம் துவைத்தால் மறுபடி தலைகாட்டுகிறது.

மாற்றியவை, மாற வேண்டியவை

எங்கள் கிளினிக் படிவத்தில் ‘ஒவ்வாமை: ___’ என்று ஒரு கோடு மட்டும் இருந்தது. இப்போது எந்தப் பொருள், பட்டு எத்தனை நிமிடத்தில் அல்லது நாளில் என்ன ஆனது, சோதித்துத் தெரிந்ததா சந்தேகமா என்று தனித்தனியாகக் கேட்கிறோம். நேரத்தைக் கேட்கும் கட்டம்தான் அதிகம் பயன்படுகிறது. படிக்காத பாட்டிகூட ‘உடனேவா, மறுநாளா’ என்பதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார். ‘சந்தேகம்’ என்று எழுதியவற்றை ஆறு மாதத்துக்குள் சோதித்து உறுதிசெய்யவோ நீக்கவோ முயல்கிறோம். எல்லாவற்றையும் முடிக்க முடிவதில்லை. கிளினிக்கில் ரப்பர் கையுறையும் ரப்பர் பட்டையும் வாங்குவதை நிறுத்திவிட்டோம்.

பல் மருத்துவரும் தன் படிவத்தில் பலூன், கையுறை, வாழைப்பழம் என்று மூன்று கேள்வி சேர்த்திருக்கிறார். முதல் அட்டையைக் கொடுத்த கிளினிக்குக்குப் பரிசோதனை முடிவுகளை அனுப்பினோம். இருவருடைய பதிவையும் திருத்திவிட்டதாகப் பதில் வந்தது. அதே காலத்தில் ‘கையுறைப் பவுடர்’ அட்டை பெற்ற வேறு சிலரையும் திரும்ப அழைத்துப் பார்க்கும்படி கேட்டிருக்கிறோம். மூத்தவரின் சொக்சோ விண்ணப்பம் இதை எழுதும்போது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. முடுக்கி இல்லாத கையுறையின் கூடுதல் விலையை அதுவரை இல்லமே ஏற்றுக்கொள்கிறது.